பில் வில்சன்: ஒரு ஹோட்டல் லாபியில் இருந்து போன போன்கால், லட்சக்கணக்கானவர்களைக் குடியில் இருந்து மீட்டது எப்படி?

1935, மே 11. சனிக்கிழமை மாலை. அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் உள்ள ஆக்ரன் நகரம். அங்கே மேஃப்ளவர் ஹோட்டலின் லாபியில் 39 வயது ஆள் ஒருவர் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருக்கிறார். நியூயார்க்கில் இருந்து ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் பேரத்துக்காக வந்தவர். பேரம் ஊத்திக்கிச்சு. கூட வந்தவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். பாக்கெட்டில் சுமார் 10 டாலர். தெரிந்த முகம் என்று அந்த ஊரில் யாருமே இல்லை.

லாபியின் ஒரு பக்கம் பார். உள்ளே சிரிப்பும் பேச்சுமாக வார இறுதிக் கூட்டம். இன்னொரு பக்கம் டெலிபோன். பக்கத்துச் சுவரில் உள்ளூர் தேவாலயங்களின் பட்டியல்.

அவர் குடியை விட்டு அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் 17 வருடம் குடித்தவர். அன்றைக்கு அந்த பாருக்குள் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் டெலிபோன் பக்கம் போனார். கேட்டது பணமோ வேலையோ இல்லை. பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும், அவ்வளவுதான்.

அவர் பெயர் பில் வில்சன். அந்தப் போன்காலின் விளைவாகப் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் என்று பொருள். இன்று சுமார் 180 நாடுகளில் இதன் கூட்டங்கள் நடக்கின்றன. யார் இந்த பில் வில்சன்? அவர் தொடங்கியது ஏன் இன்னும் நிற்கிறது?

பூமராங் செய்த சிறுவன்

1895 நவம்பர் 26 அன்று வெர்மான்ட் மாகாணத்தின் ஈஸ்ட் டோர்செட் என்ற சின்ன மலைக் கிராமத்தில் பிறந்தார். அவருக்குப் பத்து வயது வாக்கில் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா மருத்துவம் படிக்க பாஸ்டனுக்குப் போனார். பில்லும் தங்கையும் அம்மா வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார்கள்.

ஒருநாள் தாத்தா பேச்சுவாக்கில், ஆஸ்திரேலியக்காரனைத் தவிர வேறு யாராலும் பூமராங் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். சிறுவனுக்கு அது சவாலாகப் பட்டது. சுமார் ஆறு மாதம் மரத்தை வெட்டி வெட்டிப் பார்த்தான். கட்டிலின் தலைப்பலகைகூடத் தப்பவில்லை. கடைசியில் வீசியது திரும்பி வந்தது. எதிலும் முதல் ஆளாக வர வேண்டும் என்ற வெறி அப்போதே வந்துவிட்டதாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1912இல் பள்ளியில் அவர் நேசித்த பெண் அறுவை சிகிச்சைக்குப் பின் திடீரென இறந்துபோனார். பில் மாதக்கணக்கில் முடங்கினார். இன்று டிப்ரஷன் என்று சொல்லும் மனச்சோர்வு அவரைப் பிடித்தது. ஆயுசு முழுக்க அது விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது.

முதல் கிளாஸ்

1917. முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கிய வருடம். இளம் ராணுவ அதிகாரியான பில், மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் இருந்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் அதிகாரிகளை விருந்துக்குக் கூப்பிடுவார்கள். கூச்ச சுபாவம் உள்ள பில்லுக்கு அந்தக் கூட்டத்தில் கை கால் எங்கே வைப்பது என்றே தெரியாது. அப்போது யாரோ கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தார்கள்.

கூச்சம் போனது. எல்லாரும் நண்பர்களாகத் தெரிந்தார்கள். தானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் என்ற உணர்வு முதல்முறையாக வந்தது. பலருக்குக் குடி தொடங்குவது இப்படித்தான். சந்தோஷத்துக்காகவோ சோகத்துக்காகவோ இல்லை, நாலு பேரோடு சகஜமாக இருப்பதற்காக.

1918 ஜனவரி 24 அன்று லோயிஸ் பர்ன்ஹாம் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். பிரான்சுக்குப் போய்த் திரும்பினார். புரூக்ளினில் சட்டம் படித்தார், ஆனால் பட்டத்தை வாங்கவே போகவில்லை. பங்குச்சந்தைப் பக்கம் திரும்பினார்.

அங்கே அவர் செய்தது அந்தக் காலத்துக்குப் புதுசு. கம்பெனிகளின் பங்கை வாங்குவதற்கு முன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவுசெய்தார். 1925இல் மனைவியோடு சைடுகார் வைத்த ஹார்லி டேவிட்சனில் கிளம்பிவிட்டார். வழியில் கூடாரம் போட்டுத் தங்கி, தொழிற்சாலைகளை நோட்டம் விட்டு, அறிக்கை அனுப்பினார். வால் ஸ்ட்ரீட்டில் அதற்கு நல்ல கிராக்கி. பணம் கொட்டியது. அந்தப் பயணத்தில் லோயிஸுக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. நகரத்து பார்களில் இருந்து கணவரைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கலாம் என்று பார்த்தார்.

அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. 1920 முதல் 1933 வரை. பில் குடியில் மூழ்கியதும் சரியாக அந்த ஆண்டுகளில்தான். சட்டம் கடையை மூடியது. கள்ளச்சந்தை கதவைத் திறந்தே வைத்திருந்தது.

பைபிளில் எழுதிய சத்தியங்கள்

1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. கையில் இருந்த எல்லாம் போனது. புரூக்ளின் கிளின்டன் ஸ்ட்ரீட்டில் இருந்த மாமனார் வீட்டில் குடியேறினார்கள். லோயிஸ் மேசிஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார். கணவர் பகலிலேயே போதையில் கிடப்பார். லோயிஸின் பர்ஸில் இருந்து காசு காணாமல் போகும். அவர்களுக்குக் குழந்தையும் இல்லை.

குடியை விட வேண்டும் என்று பில் நினைக்காமல் இல்லை. வீட்டு பைபிளில் மனைவிக்கு எழுதித் தந்த சத்தியங்கள் இருக்கின்றன. இனி தொட மாட்டேன் என்று தேதி போட்டுக் கையெழுத்து. கொஞ்ச நாள் கழித்து அடுத்த சத்தியம். அதற்கப்புறம் இன்னொன்று. ஒவ்வொன்றையும் எழுதியபோது மனசார எழுதியதுதான். ஆனால் ஒன்றுகூட நிற்கவில்லை.

1933, 1934இல் நியூயார்க்கின் டவுன்ஸ் ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சேர்க்கப்பட்டார். அங்கே வில்லியம் சில்க்வொர்த் என்ற டாக்டர் இருந்தார். குடி அடிமைத்தனம் ஒழுக்கக்கேடு இல்லை, அது ஒரு நோய் என்பது அவரது கருத்து. சிலருடைய உடம்பு மதுவை ஏற்கும் விதமே வேறு, முதல் கிளாஸுக்குப் பின் நிறுத்துவது அவர்கள் கையில் இல்லை என்றார். இதைக் கேட்டு பில்லுக்கு நிம்மதி. தன் மேல் தப்பு இல்லை, நோய்தான் என்று தெரிந்துவிட்டது, இனி சமாளிக்கலாம் என்று நினைத்தார். வெளியே வந்து மறுபடி குடித்தார். நோய் என்று தெரிந்துகொள்வது மட்டும் போதாது என்பது அப்போதுதான் புரிந்தது. இப்படியே போனால் மூளை பாதிக்கும் அல்லது உயிர் போகும் என்று டாக்டர் லோயிஸிடம் சொல்லிவிட்டார்.

கிச்சன் டேபிளில் வந்த நண்பன்

1934 நவம்பர். எபி தாச்சர் என்ற பழைய நண்பர் வீட்டுக்கு வந்தார். பில்லோடு சேர்ந்து குடித்தவர், பில்லைவிட மோசமான நிலைக்குப் போனவர். பில் கிளாஸை நீட்டினார். எபி வேண்டாம் என்றார். குடிப்பதை நிறுத்திவிட்டாராம்.

எபி அப்போது ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் இருந்தார். தவறுகளை ஒப்புக்கொள்வது, பாதிக்கப்பட்டவர்களிடம் ஈடுகட்டுவது, அடுத்தவருக்கு உதவுவது என்பது அவர்களது வழி. பில்லுக்குக் கடவுள் நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. மதப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் ஒன்றை மறுக்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவன் தன்னைப் போலவே குடித்தவன். இப்போது குடிக்கவில்லை.

டிசம்பர் 11 அன்று பில் கடைசியாக டவுன்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சில நாளில் அவருக்கு ஓர் அனுபவம். மனம் முழுக்க உடைந்த நிலையில், கடவுள் என்று ஒன்று இருந்தால் காட்டட்டும் என்று கதறியதாகவும், அறை முழுக்க வெளிச்சம் நிறைந்து பெரும் அமைதி வந்ததாகவும் அவர் விவரித்தார். அங்கே பெல்லடோனா என்ற மருந்தைக் கொடுப்பார்கள். அது மாயக் காட்சிகளை உண்டாக்கக்கூடியது. அதனால்தான் இப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும் சரி, அதன்பின் பில் வில்சன் ஒரு சொட்டு மதுவும் குடிக்கவில்லை.

ஐந்து மாதம், பூஜ்ஜியம் வெற்றி

வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரி, தெரு, விடுதி என்று குடிகாரர்களைத் தேடிப் போனார். தான் கண்ட வெளிச்சத்தைப் பற்றிப் பேசினார். ஐந்து மாதம் ஆகியும் ஒருவர்கூடக் குடியை விடவில்லை.

சில்க்வொர்த் ஒரு யோசனை சொன்னார். உபதேசத்தை நிறுத்து, முதலில் நோயைப் பற்றிப் பேசு என்றார். லோயிஸ் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார். யாரும் திருந்தவில்லைதான், ஆனால் பில் குடிக்கவில்லையே. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அவர் ஆக்ரன் ஹோட்டல் லாபியில் நின்றார்.

பட்டியலில் இருந்த ஒரு பாதிரியாருக்கு போன் போட்டார். அவர் சில பேரின் எண்களைக் கொடுத்தார். ஒவ்வொன்றாகச் சுற்றினார். சிலர் ஊரில் இல்லை, சிலருக்கு நேரம் இல்லை. கடைசியில் ஹென்ரியெட்டா சீபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். குட்இயர் டயர் நிறுவனரின் மருமகள். அவர் ஒரு குடிகார டாக்டருக்காக வெகு நாளாகப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தவர். உடனே வரச் சொன்னார்.

அந்த டாக்டர், ராபர்ட் ஸ்மித். ஊரில் டாக்டர் பாப். 55 வயது அறுவை சிகிச்சை நிபுணர். அன்று அவரால் வர முடியவில்லை. அன்னையர் தினத்துக்காக மனைவிக்குப் பூந்தொட்டி வாங்கி வந்தவர், அதைக் கீழே வைத்துவிட்டு போதையில் படுத்துவிட்டார்.

மறுநாள், மே 12 ஞாயிறு மாலை 5 மணிக்கு வந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. 15 நிமிஷத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்று மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இருவரும் ஒரு சின்ன அறைக்குள் போனார்கள். வெளியே வந்தபோது இரவு 11 மணி தாண்டிவிட்டது.

அந்த அறையில் என்ன வித்தியாசம் நடந்தது? பில் உபதேசம் செய்யவில்லை. தன் கதையைச் சொன்னார். ஒளித்துவைத்த பாட்டில்கள், காலை நடுக்கம், உடைந்த சத்தியங்கள். டாக்டர் பாப்புக்கு இந்த நோயைப் பற்றி மருத்துவ ரீதியாகத் தெரியாதது இல்லை. ஆனால் அதைத் தன்னைப் போலவே அனுபவித்த ஒருவர் அவரிடம் பேசியது அதுவே முதல் தடவை. முக்கியமாக, பில் உதவி செய்ய வரவில்லை, உதவி கேட்டு வந்திருந்தார். நான் குடிக்காமல் இருக்க நீங்கள் வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

கதை உடனே சுபமாக முடியவில்லை. சில வாரத்தில் டாக்டர் பாப் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போய், கண்மண் தெரியாமல் குடித்துவிட்டுத் திரும்பினார். சில நாளில் அவர் செய்ய வேண்டிய ஆபரேஷன் ஒன்று இருந்தது. அந்தக் காலை, கை நடுக்கம் நிற்க பில்லே ஒரு பீர் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர் பாப் ஆபரேஷனை முடித்தார். பிறகு கடன்காரர்கள், தன்னால் பாதிக்கப்பட்டவர்கள் என ஒவ்வொருவரையும் பார்த்து மன்னிப்பு கேட்டுவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்தார். அவரது கடைசி மது அந்த பீர்தான். 1935 ஜூன் 10. அதையே ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டது.

12 படிகள்: எங்கிருந்து வந்தன?

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் அடுத்த ஆளைத் தேடினார்கள். ஒரு வக்கீல் கிடைத்தார். அவரும் குடியை விட்டார். 1937 வாக்கில் ஆக்ரனிலும் நியூயார்க்கிலும் சேர்த்து சுமார் 40 பேர்.

நாட்டின் இன்னொரு மூலையில் இருப்பவருக்கு இதை எப்படிக் கொண்டுபோவது? புத்தகமாக எழுத முடிவெடுத்தார்கள். பில் எழுத, மற்றவர்கள் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் சண்டை போட்டார்கள். 1938 டிசம்பரில் ஓர் இரவு படுக்கையில் சாய்ந்தபடி பில் 12 படிகளை எழுதினார். குடியின் முன் தான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வதில் தொடங்கி, தவறுகளைப் பட்டியலிடுவது, ஈடுகட்டுவது, இன்னொரு குடிநோயாளிக்கு உதவுவது என்று முடியும்.

இதில் கடவுள் என்ற சொல் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. குழுவில் நாத்திகர்கள் இருந்தார்கள். அவர்கள் விடாப்பிடியாக நின்றதால், அவரவர் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள் என்று மாற்றப்பட்டது. அந்த ஒரு திருத்தம் இல்லையென்றால் ஏ.ஏ. இந்தியா, ஜப்பான் போன்ற நாடுகளுக்கு வந்து வேரூன்றியிருக்குமா என்பது சந்தேகமே.

1939 ஏப்ரலில் புத்தகம் வந்தது. ஆரம்பத்தில் விற்கவே இல்லை. அதே மாதம் கிளின்டன் ஸ்ட்ரீட் வீடும் கையைவிட்டுப் போனது. பில்லும் லோயிஸும் சுமார் இரண்டு வருடம் நண்பர்கள் வீடு வீடாகத் தங்கினார்கள். 1941 மார்ச்சில் சாட்டர்டே ஈவனிங் போஸ்ட் இதழில் ஏ.ஏ. பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. அந்த வருட ஆரம்பத்தில் சுமார் 2,000 பேராக இருந்த உறுப்பினர்கள், வருடக் கடைசியில் 8,000 பேர் ஆனார்கள்.

பணம், பெயர், பதவி: மூன்றுக்கும் நோ

வளர்ந்த இயக்கங்கள் உடைவது பெரும்பாலும் பணத்தாலும் தலைவராலும்தான். ஏ.ஏ. இதில் தப்பித்தது தற்செயல் இல்லை.

பில் கடும் வறுமையில் இருந்தபோது, டவுன்ஸ் ஆஸ்பத்திரி அவருக்குச் சம்பள வேலை தரத் தயாராக இருந்தது. சந்தோஷமாக வந்து கூட்டத்தில் சொன்னார். மற்றவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். சம்பளம் வாங்கினால் சக நோயாளி என்ற உறவு போய்விடும் என்றார்கள். பில் வலியோடு ஏற்றுக்கொண்டார். கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரிடம் பெரிய நிதி கேட்டார்கள். பணம் இதைக் கெடுத்துவிடும் என்று சொல்லி 1938இல் அவர் கொடுத்தது 5,000 டாலர் மட்டும். அன்று ஏமாற்றம். பின்னால் பார்த்தால் அதுவே பாதுகாப்பு.

இந்த அனுபவங்களில் இருந்து 1946இல் 12 மரபுகளை பில் எழுதினார். கட்டணம் கிடையாது. வெளியாரிடம் நன்கொடை கிடையாது. தலைவர் கிடையாது. ஊடகங்களில் முழுப்பெயர் கிடையாது. உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். 1954இல் யேல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தர முன்வந்தபோது பில் மறுத்தார். 1955இல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் பொறுப்பை உறுப்பினர்களிடமே ஒப்படைத்தார்.

இதற்கிடையே லோயிஸ் இன்னொன்றைக் கவனித்திருந்தார். குடிப்பவர் கூட்டத்துக்குள் போகிறார், மனைவி வெளியே காரில் காத்திருக்கிறார். அவருக்கும் காயம் உண்டே? 1951இல் குடும்பத்தினருக்காக அல்-அனான் அமைப்பை உருவாக்கினார்.

அவர் மகான் இல்லை

பில்லைப் புனிதராக்குவது அவரது கதைக்கே நியாயம் இல்லை. 1944இல் இருந்து பத்து வருடத்துக்கு மேல் கடும் மனச்சோர்வில் தவித்தார். மற்றவர்களுக்கு நம்பிக்கை கொடுத்த மனிதர், சில நாட்கள் மேசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பார். திருமணத்துக்கு வெளியே உறவுகள் இருந்தன, சக உறுப்பினர்களுக்கே அது சங்கடம். 1956இல் மருத்துவர்கள் மேற்பார்வையில் எல்.எஸ்.டி. எடுத்துப் பார்த்தார். குடிநோயாளிகளுக்கு அது உதவலாம் என்று நம்பினார். ஏ.ஏ.வுக்குள் கடும் எதிர்ப்பு வந்தது.

மதுவை விட்டவரால் சிகரெட்டை விட முடியவில்லை. நுரையீரல் சிதைந்தது. கடைசி நாட்களில் நினைவு தடுமாறிய நிலையில் அவர் விஸ்கி கேட்டதாக, உடனிருந்த நர்ஸின் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. கொடுக்கப்படவில்லை. 36 வருடம் குடிக்காமல் இருந்தவருக்கும் உள்ளே அந்தத் தாகம் இருந்தது. குணமாகிவிட்டேன் என்று சொல்லாதே, இன்று ஒருநாள் குடிக்கவில்லை என்று சொல் என ஏ.ஏ. ஏன் கற்றுத்தருகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

1971 ஜனவரி 24 அன்று மயாமியில் இறந்தார். அன்று அவர்களின் 53ஆவது திருமண நாள். ஈஸ்ட் டோர்செட்டில் உள்ள கல்லறையில் ஏ.ஏ. என்ற எழுத்துகூட இல்லை. வருபவர்கள் தாங்கள் குடியை விட்ட வருடங்களைக் குறிக்கும் நாணயங்களை அதன் மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அவரை மீட்ட எபி தாச்சர்? பல முறை மறுபடி குடியில் விழுந்தார். பில் கடைசி வரை அவரைக் கைவிடவில்லை.

இது வேலை செய்கிறதா?

வெறும் நம்பிக்கைதானே என்று கேட்கலாம். 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வு, 27 ஆய்வுகளையும் 10,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளையும் அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.வையும் அதில் சேர வழிகாட்டும் சிகிச்சையையும் மற்ற உளவியல் சிகிச்சைகளோடு ஒப்பிட்டால் பலன் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தது. எல்லாருக்கும் பொருந்தும் என்று அர்த்தம் இல்லை. சிலருக்கு மருந்தும் கவுன்சலிங்கும்தான் சரிப்படும்.

இங்கே ஒரு கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

1950களிலேயே ஏ.ஏ. இந்தியாவுக்கு வந்துவிட்டது. சென்னை உட்பட தமிழ்நாட்டின் பல ஊர்களில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. பள்ளிக்கூட அறை, தேவாலய ஹால் என எளிமையான இடங்கள்தான். ஆன்லைன் கூட்டங்களும் உண்டு. போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை:

• ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்ட விவரங்களும் உதவி எண்களும் இருக்கும். போன் செய்தால் எடுப்பவரும் குடியை விட்டவராகத்தான் இருப்பார்.

• ஓப்பன் மீட்டிங் என்றால் குடும்பத்தினரும் வரலாம். க்ளோஸ்டு மீட்டிங் என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும்.

• முழுப்பெயர், வேலை, முகவரி யாரும் கேட்க மாட்டார்கள். பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. பின்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம்.

• முதல் கூட்டம் ஒட்டவில்லையா? வேறு குழுவுக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் உண்டு.

• தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் டாக்டரைப் பார்க்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவை அணுகலாம். சென்னையில் 1980 முதல் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை போன்ற மறுவாழ்வு மையங்களும் இருக்கின்றன.

• போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை.

பில் வில்சனுக்கு அன்று முதல் போனிலேயே ஆள் கிடைக்கவில்லை. பட்டியலில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ முதல் எண் பிஸியாக இருந்தால், அடுத்த எண்ணைப் போடுங்கள்.